தட்டைத் தலையா, உருண்டைத் தலையா?

தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து மகளைத் துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்துக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிய புதிதில், ஏர் ரைஃபிள் குண்டுகள் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். மலிவாகக் கிடைத்ததென்று உருண்டைத் தலைக் குண்டு ஒரு டப்பா வாங்கினேன். 10 மீட்டரில் சுட்டதும் இலக்குக் காகிதம் ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது. நடுவிலுள்ள, பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ.தான், குண்டு அதைத் தொட்டதா இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்தும் சண்டை தீரவில்லை. தட்டைத் தலையோ காகிதத்தை அச்சு வைத்து வெட்டியதுபோல வட்டமாகத் துளைக்கிறது.

உருண்டைக்கும் ஒரு பெருமை உண்டு. காற்றின் தடை குறைவு என்பதால் தூரம் போனாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. 10 மீட்டருக்கு அதனால் என்ன பயன்?

இதைவிட என்னைப் படுத்தியது தலையின் அளவு. 4.5 மி.மீ. குழல்தான், ஆனாலும் டப்பாவில் 4.49, 4.50 என்று போட்டிருக்கும். அந்தந்தக் குழலில் சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மகளின் ரைஃபிளுக்கு 4.49 ஒத்துவந்தது. குண்டின் பின்பகுதி மெல்லிய ஈயம், விரலால் அழுத்தினாலே நசுங்கும். ஈயம் நஞ்சு என்பதால், சோப்பு போட்டுக் கை கழுவாமல் இட்லிப் பொட்டலத்தைத் தொட அவளை விடுவதில்லை.