ஏஈ86இல் பீம்ஸ் எஞ்சின்: ஜே160 கியர் பெட்டியின் நீண்டகாலப் பாவனை

டொயோட்டா அல்டெஸ்ஸா காரின் பீம்ஸ் 3எஸ்-ஜீஈ எஞ்சினைப் பழைய ஏஈ86 கொரோலாவில் இறக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, பழைய டி50 கியர் பெட்டி தாங்குமா என்றுதான். 149 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தந்த, ஏஈ86இன் சொந்த எஞ்சினான 4ஏ-ஜீஈயோடு வந்த பெட்டி அது. பீம்ஸ் தருவது 216. பெட்டியை எஞ்சினோடு பொருத்தும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளும் நேராக ஒத்துவராது. இரண்டையும் இணைக்க அடாப்டர் தட்டு செய்யும் காசை எஞ்சினோடு வந்த ஆறு கியர் ஜே160க்கே போடுங்கள். திருகோணமலை வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகும் எங்கள் முடிவு அதுதான்.

ஆனால் ஆறாவது கியர் இருப்பதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விகிதம் குறைந்தால்தான் எஞ்சின் சுற்றும் குறையும். ஜே160இன் ஆறாவது விகிதம் 0.869, டி50இன் ஐந்தாவது 0.861. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏஈ86இன் 4.300 விகித டிஃபரன்ஷியல் (பின் அச்சின் கியர்த் தொகுதி), 185/60 ஆர்14 டயரோடு மணிக்கு 70 கிலோமீற்றரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். முதல் கியர் 3.874 என்பதால் 4.300உடன் மிகக் குட்டையாகிவிடுகிறது. உவர்மலை ஏற்றத்துக்கு நல்லது, நகர நெரிசலில் உடனே இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கும். 4.100 கிடைத்தால் மாற்றுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கி லொறிகளை முந்தும்போதுதான் இந்தப் பெட்டியின் அருமை தெரியும்: 7,000 சுற்றில் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினால் 5,770க்குத்தான் இறங்கும். எஞ்சின் இழுவையை விடாது.

நீண்ட பயணமே முக்கியம் என்றால் டொயோட்டாவின் ஐந்து கியர் டபிள்யூ58 பெட்டியை யோசிக்கலாம். அதன் ஐந்தாவது 0.783, அதே டிஃபரன்ஷியலில் 70இல் ஏறக்குறைய 2,160 சுற்று. ஆனால் 3எஸ்-ஜீஈக்குப் பொருந்தும் பெல் ஹவுசிங்கைத் தனியாகத் தேட வேண்டும். பின்னாளில் டேர்போ போடும் எண்ணம் இருந்தால் அந்த அலைச்சல் தகும், இல்லையென்றால் வேண்டாம்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பெட்டியை மட்டும் தூக்கி வராதீர்கள். பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளச் தட்டு, பிரஷர் பிளேட், கிளச் ஃபோர்க், அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் சுவிட்ச், பின்பக்க யோக் எல்லாம் ஒரே வாகனத்திலிருந்து வரட்டும். யோக்கை விட்டுவிட்டால், பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் செய்ய வழியில்லை, ஏனென்றால் முன்முனைக்கு ஜே160இன் யோக்கும் பின்முனைக்கு ஏஈ86இன் ஃபிளேஞ்சும் வேண்டும். கடையிலேயே ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பித்தளைத் தூள் மினுங்கினால், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்குரோ வளையங்கள் தேய்ந்துவிட்டன.

பெட்டியை ஏற்றுமுன், அதை எஞ்சினோடு மையம் பிசகாமல் நிறுத்தும் முளைகளான இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் இன்புட் ஷாஃப்ட் மையம் தப்பி, அதன் நுனியைத் தாங்கும் பைலட் பெயாரிங் சீக்கிரம் போகும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அளக்கும்போது யோக் முழுதாக உள்ளே போன இடத்திலிருந்து 20 முதல் 25 மில்லிமீற்றர் வெளியே இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் பின் அச்சு ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் பெட்டியை இடிக்கும். கேபிள் ஸ்பீடோமீற்றர் வேலை செய்யாது. அதற்கும் ஒரு ஏற்பாடு தேவை.

கடற்கரைப் பக்கம் நெடுநாள் ஓட்டுகையில் பழுது வருவது பெட்டியில் அல்ல, கிளச்சில். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் திறந்தவெளியில் நிறுத்தும் வாகனத்தில் ஸ்லேவ் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துக் கசியும். கிளச் முழுதாக விடுபடாது. இரண்டாவதும் மூன்றாவதும் கரகரக்கும். உடனே பெட்டியைக் கழற்றாதீர்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உராய்ந்தால் குற்றம் பெரும்பாலும் கிளச்சில்தான். கிளச் திரவம் ஈரத்தை இழுக்கும். ஆண்டுக்கொரு முறை மாற்றினால் சிலிண்டர் பிழைக்கும்.

பெட்டிக்கு ஒயில் 75டபிள்யூ-90 ஜீஎல்-4 (ஜீஎல் என்பது கியர் ஒயிலின் தரவகை), நிரப்பும் துளை விளிம்பு வரை. டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜீஎல்-5இல் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம். அதன் அழுத்தத் தாங்கு சேர்மங்கள் சிங்குரோவின் பிடிப்பைக் குறைக்கும், சில வகைகள் பித்தளையையும் அரிக்கும். காலையில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் இறுக்கமாக இருப்பது இந்தப் பெட்டிக்கு இயல்பு. சூடானபின்னும் இறுகினால் மட்டுமே கவனிக்க வேண்டும்.