கன்டெய்னர் டிரெய்லருக்கு எந்த டயர்: நைலானா, ரேடியலா, ரீட்ரேடா?

வடசென்னையில் மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் டிரெய்லர் ஓட்டும் யாரிடம் பேசினாலும் டீசலுக்கு அடுத்த புலம்பல் டயர்தான். மூன்று ஆக்சில் போட்ட 40 அடி டிரெய்லருக்கு மட்டும் 12 டயர் வேண்டும். முன்னால் இழுக்கும் வண்டிக்கு 6 அல்லது 10 தனி. எங்கள் டிரெய்லர்களில் நைலானை (நைலான் துணி அடுக்கு டயர்) விட்டு ரேடியலுக்கு (எஃகுக் கம்பி டயர்) மாறி, தேய்ந்ததும் அதே டயரை ரீட்ரேட் செய்து, அதாவது மேலே புது ரப்பர் ஒட்டி, ஓட்டி வருகிறோம். அதனால் நான் ரேடியல் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக நைலான் போடுபவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். நம் ஏரியா ஓட்டத்துக்கு அவர்கள் சொல்லும் நியாயம் வலுவானது.

இழுக்கும் வண்டியின் முன் சக்கரத்துக்கு விவாதமே கிடையாது. புது டயர், நல்ல கம்பெனி, அவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் பின்னால் வரும் டிரெய்லரின் டயரைப் பற்றி மட்டும்.

எடைக் கணக்கையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்புகளை உயர்த்தியபோது, டிரெய்லரின் மூன்று ஆக்சிலுக்கும் சேர்த்து 24 டன்னாக இருந்தது 27 டன் ஆனது. 12 டயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2,250 கிலோ. 10.00-20 அளவில் 16 பிளை (அடுக்கு பலம்) டயரின் பக்கச் சுவரில் 146/143 என்பது போல, தாங்கும் எடையைக் குறிக்கும் இரண்டு குறியீட்டு எண்கள் இருக்கும். முதல் எண் தனி டயருக்கு, இரண்டாவது ஜோடியாக ஓடும் டயருக்கு. 143 என்றால் 2,725 கிலோ. ஆகவே முழுக் காற்று இருந்தால், சட்டப்படியான லோடுக்கு நைலானும் போதும், ரேடியலும் போதும்.

நைலானில் முதல் லாபம் விலை. அடுத்தது ரிப்பேர். டியூப், பிளாப் (டியூபுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பட்டை), லாக் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) வைத்த டிஸ்க் (சக்கரம்) என்றால் எண்ணூர் விரைவுச்சாலைப் பஞ்சர் கடைக்காரர் தூக்கக் கலக்கத்திலேயே கழற்றி மாட்டிவிடுவார். மூன்றாவது, பக்கச் சுவர். நைலான் டயரில் துணி அடுக்குகள் பக்கச் சுவர் வரை பல சுற்றாக வருகின்றன. கன்டெய்னர் யார்டில் துருத்திக்கொண்டு நிற்கும் கம்பியிலோ உடைந்த கான்கிரீட் முனையிலோ உரசினால் கீறலோடு தப்பித்துவிடும். ரேடியலின் பக்கச் சுவரில் இருப்பது ஒரே அடுக்கு எஃகுக் கம்பி. அங்கே ஆழமாக ஒரு வெட்டு விழுந்தால், பட்டன் (ரோட்டில் தேயும் மேல் ரப்பர்) புதிதாக இருந்தாலும் அந்த டயருக்கு அன்றோடு சரி.

நைலானின் பெரிய குறை சூடு. அதன் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால், ஓடும்போது உள்ளே உராய்வு அதிகம், வெப்பமும் அதிகம். பெங்களூர் வரை நிறுத்தாமல் விரட்டும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆனால் மாதவரம் யார்டிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கும், மணலியிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் போய்வருகிற வண்டியில் டயர் சூடேற நேரம் எங்கே இருக்கிறது? பாதிப் பொழுது கேட் வரிசையில்தான் போகிறது. ரேடியல் விற்பவர்கள் சொல்லும் டீசல் மிச்சமும் இதே கதைதான். ரேடியல் லேசாக உருளும் என்பது உண்மை. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அதனால் என்ன லாபம்?

ஆக, விலை, ரிப்பேர், யார்டு வெட்டு என்று பார்த்தால் லோக்கல் ஓட்டத்தில் நைலான் கிட்டத்தட்ட ஜெயித்துவிடுகிறது. என்னை மறுபக்கம் இழுத்தது ஒரே விஷயம், கேசிங்.

பட்டன் தேய்ந்தபின் மிஞ்சும் டயரின் உடம்பைத்தான் கேசிங் என்கிறோம். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயர் தயாரிப்பதற்குப் பல வருடம் முன்பே, 1952-ல் டிரெட் ரப்பர் செய்ய இறங்கிவிட்டது. தேய்ந்த கேசிங் மேல் ஒட்டும் ரப்பர்தான் அது. முழு டயரின் விலையில் பெரும்பகுதி உடம்பில்தான் கிடக்கிறது, மேலே தேய்கிற ரப்பரில் கொஞ்சம்தான் என்பது அந்தக் காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு.

இன்றைக்கும் ரீட்ரேட் செலவு, தோராயமாகப் புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்கு. புது டயரை மூன்று பங்கு என்று வைத்தால், ஒரு தடவை ரீட்ரேட் செய்து ஓட்டினால் நான்கு பங்கு செலவில் கிட்டத்தட்ட இரண்டு டயர் ஓட்டம் கிடைக்கும். கேசிங் பாழானால் அதே ஓட்டத்துக்கு ஆறு பங்கு. 12 டயர் போட்ட வண்டியில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ரேடியலுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு இதற்குள் அடங்கிவிடும்.

நைலான் கேசிங்கையும் ரீட்ரேட் செய்யலாம். காலங்காலமாகச் செய்துதான் வருகிறார்கள். ஆனால் நைலான் உடம்பு ஓட ஓடப் பெருக்கும். ஜோடியில் ஒன்று பெருத்து மற்றது பெருக்காவிட்டால், பெரியது லோடைத் தூக்கும், சின்னது ரோட்டில் தேய்த்துக்கொண்டு வரும். ரேடியலில் பட்டனுக்கு அடியில் எஃகு பெல்ட் இருக்கிறது. அது டயரை அளவில் பிடித்து வைத்திருக்கும். ரீட்ரேட் கடையில் போட்டுப் பார்த்தால், எங்கள் வண்டிகளிலிருந்து தேறுகிற கேசிங் ரேடியலில்தான் அதிகம். இரண்டாம் தடவை ரீட்ரேடுக்கும் சில வந்திருக்கின்றன. அப்புறம், ரீட்ரேட் செய்ய விருப்பமில்லை என்றாலும், நல்ல ரேடியல் கேசிங்கைக் கேட்டு வாங்கிப்போக ஆள் இருக்கிறார்கள். மொட்டை நைலானுக்கு அந்த மரியாதை இல்லை.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை, காற்று. ரேடியலுக்கு மாறிவிட்டுக் காற்றுப் பழக்கத்தை மாற்றாவிட்டால் நைலானையே வைத்துக்கொள்வது லாபம்.

நம் டிரைவர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காத்து இருக்குண்ணே" என்பார்கள். நைலானில் அது ஓரளவு சரியாக வரும். ரேடியலின் பக்கச் சுவர் முழுக் காற்றிலேயே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். காற்று 110 பவுண்டு (psi) இருக்கிறதா, 80 பவுண்டு இருக்கிறதா என்று கண்ணும் காதும் சொல்லாது. ஜோடி டயரில் இன்னும் மோசம். உள் டயரில் காற்று இறங்கினால் வெளி டயர் லோடை வாங்கிக்கொள்ளும், வண்டி நேராக நிற்கும், யாருக்கும் தெரியாது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். பக்கச் சுவரில் உள்ள எஃகுக் கம்பிகள் ஒவ்வொன்றாக அயர்ந்து அறுபடும். ரோட்டில் "லோடு தாங்காமல் வெடித்தது" என்று சொல்லப்படும் டயர்களில் பலவும் உண்மையில் காற்று இல்லாமல் செத்தவை.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த நிலையில் ஓடிய ரேடியலை, அப்படியே நின்ற இடத்தில் காற்றடித்து அனுப்பக் கூடாது. கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால், காற்று ஏறும்போது பக்கச் சுவர் ஜிப் திறப்பது போல ஒரே கோடாகக் கிழியும். எதிரில் நிற்பவரைத் தூக்கி எறியும் வேகம் அதில் இருக்கிறது. நல்ல கடைகளில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிப்பார்கள். கூண்டு இல்லாத இடத்தில் நீண்ட ஹோஸ் மாட்டி, டயரின் பக்கவாட்டுக்கு எதிரே நிற்காமல் தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். லாக் ரிங் டிஸ்கில் இந்தப் பயம் இரட்டிப்பு. எண்ணூர்க் கடல் காற்றில் ரிங் துருப்பிடித்துத் தின்னப்பட்டிருந்தால் காற்றடிக்கும்போது தெறித்துவிடும். டயர் மாற்றும்போதெல்லாம் ரிங்கைச் சுரண்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுங்கள்.

நாங்கள் செய்வது இதுதான். உள் டயர் வால்வுக்கு நீட்டிப்பு மாட்டியிருக்கிறோம், அது இல்லாவிட்டால் யாரும் உள்ளே கை விட மாட்டார்கள். காற்றை அளக்கும் கேஜ் டிரைவரிடமே இருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது. மே மாத மதிய வெயிலில் ஓடி நிற்கும் டயரில் பிரஷர் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். வால்வு மூடி சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மணலி ரோட்டு மண் வால்வுக்குள் போய்விட்டால்தான் அதன் அருமை தெரியும்.

எப்போது கழற்றுவது என்பதும் கேசிங் கணக்குதான். சட்டம் 1.6 மி.மீ. வரை பட்டன் இருந்தால் போதும் என்கிறது. ரீட்ரேட் செய்யும் எண்ணம் இருந்தால் 3 மி.மீ. அளவிலேயே கழற்றிவிடுவது நல்லது. அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு ஆணியும் பெல்ட் வரை இறங்கும். மழைக்காலத்தில் நம் ரோடுகளில் தேங்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கம் பரவியது நினைவிருக்கும். எண்ணெய்த் தண்ணீரில் நின்ற டயரை அன்றே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துவிடும், பிறகு ரீட்ரேட் ஒட்டாது.

ரீட்ரேடில் இரண்டு முறை. முன்பே வேகவைத்த ரப்பர் பட்டையைக் குஷன் கம் (ஒட்டவைக்கும் பச்சை ரப்பர்) வைத்துச் சுற்றி, உறை போட்டுச் சேம்பரில் 100 டிகிரி சொச்சத்தில் வேகவைப்பது கோல்ட். அச்சில் போட்டு 150 டிகிரி அளவில் வேகவைப்பது ஹாட். எனக்குக் கோல்ட்தான் பிடித்திருக்கிறது, சூடு குறைவு என்பதால் கேசிங் களைக்காது. ஆனால் எந்த முறையாக இருந்தாலும் உங்கள் கேசிங்கையே கொடுத்து, அதையே திரும்ப வாங்குங்கள். சீரியல் நம்பரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் ரீட்ரேட் மலிவாகக் கிடைக்கும். அதன் உள்ளே இருக்கும் உடம்பு யாருடைய வண்டியில், எவ்வளவு காற்றில் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? அதற்கு நான் முழு எதிரி. அதைவிடப் புது நைலான் எவ்வளவோ மேல்.

சரி, மாட்டும் இடம். மூன்று ஆக்சில் டிரெய்லர் வளைவில் திரும்பும்போது நடு ஆக்சில்தான் ஒழுங்காக உருளும். முன்னதும் பின்னதும் பக்கவாட்டில் இழுபடும். துறைமுகத்துக்குள்ளும் யார்டுக்குள்ளும் ஒடித்து ஒடித்துத் திருப்புவதால் பின் ஆக்சில் டயர்தான் அதிகம் அடிவாங்கும். எனவே ரீட்ரேடை நடுவில் போடுகிறோம், ஒட்டிய பட்டையின் ஓரம் பிய்யாது. புதுசு முதல் ஆக்சிலில். பின் ஆக்சிலுக்குப் பாதி தேய்ந்த டயர். ஆழமான புதுப் பட்டன் அங்கே நெளிந்து சீக்கிரம் கரைந்துவிடும். ஒரே ஆக்சிலில் நைலானும் ரேடியலும் கலப்பதில்லை. ஜோடியில் உயரமும் பட்டனும் ஒத்துப்போக வேண்டும்.

புது டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் டயர்க் கடையைத் திட்டுவதற்கு முன் டேப்பை எடுங்கள். கிங்பின்னிலிருந்து (டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் முளை) ஒவ்வொரு ஆக்சிலின் இரண்டு முனைக்கும் அளந்து பாருங்கள். ஆக்சிலைப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் எந்தக் கம்பெனி டயரும் நிற்காது. டிஸ்க் மாட்டியபின் முதல் டிரிப் முடிந்ததும் நட்டை மறுபடி இறுக்கவும் மறக்க வேண்டாம்.

டியூப்லெஸ் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் குறைவு, ஒரு டிரெய்லரில் மட்டும் ஓடுகிறது. லாக் ரிங் தொல்லை இல்லை, ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்குகிறது. ஆனால் பழைய டிஸ்க் எல்லாவற்றையும் 22.5 அங்குல அளவுக்கு மாற்ற வேண்டும். புது டிரெய்லர் கட்டுபவர் இதிலேயே தொடங்கலாம், ஓடுகிற டிரெய்லருக்கு அந்தச் செலவு தாங்குமா என்று தயங்குகிறேன். சீன ரேடியலும் கொஞ்சம்தான் ஓட்டியிருக்கிறேன். 2017-ல் அவற்றின்மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தபிறகு விலை வித்தியாசம் குறைந்து, நாங்களும் அந்தப் பக்கம் போகவில்லை.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, பழைய விலையை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள். பக்கச் சுவரில் தேதி எண் நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். லோக்கல் ஓட்டத்தில் பட்டன் மெதுவாகத்தான் தேயும். ஏற்கெனவே இரண்டு வருடம் கோடௌனில் கிடந்த டயரை வாங்கினால், ரீட்ரேடுக்குப் போகும்போது பக்கச் சுவர் வெடிப்பைக் காட்டி கேசிங்கைத் திருப்பி அனுப்புவார்கள். தள்ளுபடி என்று கடைக்காரர் எடுத்து வைத்தால், விலையைக் கேட்பதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிடுங்கள்.