பிளைவுட் படகு கட்டக் கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் படகு கட்டும் ஒரு யார்டு எங்களுக்குச் செய்த வேலையைத்தான் எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் யார்டின் பெயரைப் போடவில்லை. சொந்தமாகப் படகு கட்ட நினைக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

நானும் மச்சானும் கரையோர வலைத்தொழிலுக்கு 22 அடியில் ஒரு வள்ளம் கட்ட முடிவு செய்தோம். அயினி மரப் பலகையில் வங்கு (உள்சட்டம்) வைத்துக் கட்டுவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த வேலை தெரிந்த ஆசாரிகளும் இப்போது குறைவு. முழு ஃபைபர் என்றால் அச்சு வைத்திருக்கும் யார்டு தருகிற அளவுதான், நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மிச்சம் இருந்தது பிளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறை. வெட்டிய தகடுகளின் ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் முறுக்கிச் சேர்த்து, மூட்டுகளில் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கண்ணாடி இழை நாடாவும் வைத்து இறுக்குவார்கள். முட்டத்தில் 1980-களிலேயே பிளைவுட் வள்ளம் கட்டினார்கள். இங்கிலாந்தில் 1963-இல் வந்த மிரர் என்ற சிறிய பாய்ப்படகும் இதே தையல் முறைதான். அச்சு வேண்டாம், வீட்டு முற்றம் போதும், எடையும் குறைவு. எங்கள் கரையில் அலைக்கு நடுவே தள்ளி ஏற்ற வேண்டியிருப்பதால் எடைதான் எங்களுக்கு முக்கியம்.

முறையில் குறை இல்லை, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் பலகைப் படகில் மரம் கண்ணுக்குத் தெரியும். இற்றுப்போனால் கத்தி முனையால் குத்திப் பார்த்துவிடலாம். பிளைவுட் படகில் மரம், பசை, ரெசின் மூன்றும் பெயின்டுக்கு அடியில் போய்விடுகின்றன. ஏமாற்றுகிறவனுக்கு அந்த மறைவு போதும்.

தகடு வெட்டுவதும் தைப்பதும் எங்கள் வேலை. பிளைவுட்டும் ரெசினும் வாங்கித் தந்து ஃபைபர் போடுவது யார்டின் பொறுப்பு. ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர விதி) முத்திரை போட்ட மரைன் பிளைவுட், மூட்டுக்கும் வெளிப்பூச்சுக்கும் மரத்தை இறுகப் பிடிக்கும் எபாக்சி ரெசின் என்று பேசித்தான் பணம் கொடுத்தோம். முத்திரையோடு ஒரு ஷீட்டைக் காட்டினார்கள். மற்ற ஷீட்டுகளைத் துண்டு துண்டாக அறுத்தே இறக்கினார்கள். முத்திரை இருக்கும் மூலை ஒன்றில்கூட இல்லை. மச்சான் கேட்டதற்கு யார்டுக்காரர், "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, மேலே ஃபைபர் போட்டுட்டா உள்ளே என்ன இருக்குன்னு கடலுக்கா தெரியும்?" என்றார்.

கடலுக்குத் தெரிந்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் எஞ்சின் மாட்டும் பலகையில் போல்ட்டைச் சுற்றி மயிரிழை அளவுக்கு வெடிப்பு. போல்ட்டைக் கழற்றியபோது துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பலகை உள்ளே போனது. ஃபைபரின் ஓரத்தை உளியால் நெம்பினோம். ஒரு முழ நீளத்துக்கு அப்பளம் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. உரிந்த பக்கத்தில் ஒரு மரச்சிராய்கூட ஒட்டியிருக்கவில்லை. எபாக்சி போட்டிருந்தால் மரத்தின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வந்திருக்கும். பூசியது சாதாரண பாலியெஸ்டர் ரெசின். அதன் விலை எபாக்சியைவிட மிகக் குறைவு, மரத்தைப் பிடிக்கும் பலமும் குறைவு. சில இடங்களில் கண்ணாடி மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினே குடிக்காமல் வெள்ளையாகக் கிடந்தது. அடியில் பிளைவுட் தாள் தாளாகப் பிரிந்திருந்தது. கரையில் இருக்கும்போதே பார்த்தோம். நடுக்கடலில் எஞ்சினோடு அந்தப் பலகை பிய்ந்திருந்தால் மூன்று உயிர் போயிருக்கும்.

யார்டுக்காரர் சொன்ன பதில்: "நீங்க ஒழுங்கா பராமரிக்கல." பில்லில் "படகு வேலை" என்று ஒரே வரி. சரக்கின் பெயரோ தரமோ எதுவும் இல்லை.

கட்டப் போகிறவர்கள் ஷீட்டை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையையும் அதிலுள்ள உரிம எண்ணையும் போட்டோ எடுங்கள், உங்கள் கண் முன்னால் அறுக்கட்டும். ஓரத்தில் பசைக்கோடு கறுப்பாக இருக்கிறது, நல்ல பசைதான் என்று நம்பிவிடாதீர்கள், மலிவுப் பசையில் சாயம் கலந்தும் வருகிறது. உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வாங்கி வந்து கொதிக்க வையுங்கள். ஐஎஸ் 710 கேட்பது 72 மணி நேரக் கொதி. மட்டமான சரக்கு ஒரே நாளில் வாயைப் பிளந்துவிடும். ரெசின் டின் உங்கள் எதிரில் திறக்கட்டும். வெட்டிய ஓரங்களும் போல்ட் துளைகளும் எபாக்சி குடித்த பிறகே போல்ட் ஏற வேண்டும். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.

முழு ஃபைபர் படகு வாங்குகிறவர்களும் கவனியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணத்தை நம்பி அவசரமாக முளைத்த யார்டுகள் தரமில்லாத படகுகளை இறக்கியது கரையில் எல்லோருக்கும் தெரியும். துளை போடும்போது விழும் வட்டத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். எடை போட்டுவிட்டு, வெட்டவெளியில் புகை படாத தூரத்தில் நின்று எரியுங்கள். ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி மட்டும் நிற்கும். எத்தனை அடுக்கு மேட், எத்தனை அடுக்கு ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம். கையால் போட்ட நல்ல வேலையில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி இருக்கும். வெள்ளைப் பொடி நிறைய மிஞ்சினால் ரெசினில் சுண்ணாம்புப் பொடியைக் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். "மீன்பிடிப் படகு வியாபாரப் பொருள், நீங்க நுகர்வோர் கிடையாது" என்று யார்டு தரப்பு பயமுறுத்திப் பார்த்தது. 2019 சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். உரிந்த ஃபைபரையும் பிளைவுட் துண்டுகளையும் தேதி எழுதி வைத்திருக்கிறோம். இதே மாதிரி பிளைவுட் படகு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை கடலில் இறக்கும் முன் எஞ்சின் போல்ட்டில் ஒன்றையாவது கழற்றிப் பாருங்கள்.