கெம்பஸ் வைஃபையில பழைய ஸ்லோ மெஷின்கள நிப்பாட்டிட்டாங்க, ஒரு செமஸ்டர் பாவிச்சிட்டு எழுதுறன்

போன செமஸ்டர் தொடங்கக்குள்ள மட்டக்களப்பில நான் படிக்கிற இடத்துல வைஃபைய மாத்தினாங்க. புதுசா பெட்டி ஒண்டும் பூட்டல, சீலிங்ல முன்னுக்கு இரிந்த அதே எக்செஸ் பொயின்ட்தான் இப்பவும் இரிக்கு, மாத்தினது செட்டிங்க மட்டும். 802.11பி என்ட பழைய வகை மெஷின்கள் பாவிக்கிற 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தினை மெகாபிட்) வேகம் நாலையும் மூடிட்டாங்க, ஆகக் குறைஞ்சது 12 என்டு வச்சிட்டாங்க, டிகேஐபி என்ட பழைய பூட்டு முறையையும் எடுத்திட்டாங்க. நாலு மாசமா லைப்ரரி, லெக்சர் ஹோல், ஹொஸ்டல், கென்டீன் எல்லா இடத்துலயும் பாவிச்சுப் பாத்திட்டன். வேலை சரியான வேலை, அத செஞ்ச விதம்தான் கன பேரக் கஷ்டப்படுத்திட்டு. அஞ்சுக்கு மூண்டரை குடுக்கிறன்.

முன்னுக்கு எப்பிடி இரிந்த என்டு சொன்னாத்தான் விளங்கும். காலம பத்து மணிக்கு லெப்ல அறுபது பேர் இரிப்பம், எல்லார்ட போன்லயும் சிக்னல் கோடு ஃபுல், ஆனா ஒரு பிடிஎஃப் திறக்காது. சுத்திக்கிட்டே இரிக்கும். கடைசில ஒவ்வொருத்தரா டேட்டாவ ஓன் பண்ணிருவம், காசு நம்மட காசு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அதே லெப்ல அதே வைஃபை பறக்கும். இன்டர்நெட் லைன் காணாது, லைனக் கூட்டணும் என்டுதான் நாங்க எல்லாரும் கத்தினம். லைன்ல பிழை இல்ல என்டு பிறகுதான் விளங்கிச்சு.

வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துக்கு ஒராள்தான் கதைக்கேலும், மத்தாக்கள் பாத்திட்டு இரிக்கணும். கல்லடிப் பழைய பாலத்த நினைச்சுப் பாருங்க. 1924ல திறந்த இரும்புப் பாலம், ஒரு வாகனம் போற அகலம்தான், 2013ல பக்கத்துல புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் டவுனுக்கு அதுலதான் போய் வந்த. முன்னுக்கு ஒரு மாட்டு வண்டி ஏறிட்டா பின்னால வாற பஸ் எவ்வளவு கெதியா ஓடக்கூடிய பஸ்ஸா இரிந்தாலும் வண்டிக்காரன் இறங்கும் வரைக்கும் பின்னாலதான் வரணும், பஸ்ல இரிக்கிற அம்பது பேருக்கும் நேரம் போகும். வைஃபைலயும் இதே கதைதான். 1500 பைட் உள்ள ஒரு பெக்கெட்ட, அதாவது ஒரு டேட்டாத் துண்ட, 1 எம்பிபிஎஸ்ல அனுப்ப 12 மில்லிசெக்கன் போகும், அதே பெக்கெட்ட 54ல அனுப்பினா 0.22 மில்லிசெக்கன் காணும், மத்த மேல்செலவெல்லாத்தையும் விட்டுட்டுக் கணக்குப் பாத்தா பழையது ஒண்டு அனுப்புற நேரத்துக்கு மத்தவங்க அம்பதுக்கு மேல அனுப்பிரலாம். அந்தப் பழைய மெஷின் ஒண்டும் டவுன்லோட் பண்ணாம சும்மா கனெக்ட் ஆகி இரிந்தாலும் பிரச்சினைதான். பி மெஷினுக்கு, அதுக்குப் பிறகு வந்த 802.11ஜி வகை மெஷின் கதைக்கிற பாசை விளங்காது, அதால புது மெஷினெல்லாம் ஒவ்வொரு தரமும் முதல்ல பழைய பாசைல "நான் இப்ப அனுப்பப் போறன், குறுக்க வராத" என்டு சொல்லிட்டுத்தான் சொந்த வேலையத் தொடங்கணும்.

இதவிடப் பெரிய விசயம் ஒண்டு இரிக்கு, கன பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு எக்செஸ் பொயின்டும் நான் இங்க இரிக்கன் என்டு செக்கனுக்கு பத்துத் தரம் மட்டுல அறிவிச்சிக்கிட்டே இரிக்கும், நெட்வேர்க் பேர் எத்தினை இரிக்கோ அத்தினைக்கும் தனித்தனியா. அத வச்சிரிக்கிற ஆகக் குறைஞ்ச வேகத்துலதான் சொல்லும், தூரத்துல உள்ள பழைய ஆளுக்கும் கேக்கணும் என்டு. எங்கட இடத்துல ஸ்டாஃப், ஸ்டூடன்ட், கெஸ்ட், எக்ஸாம், எப்பவோ ஒரு செமினாருக்குப் போட்டு மறந்துபோன பேர் என்டு அஞ்சு நெட்வேர்க் பேர் இரிந்த. லெப்ல இரிந்தா ஒரே சேனல்ல மூண்டு எக்செஸ் பொயின்ட் கேக்கும். பெருக்கிப் பாருங்க, செக்கனுக்கு 150 அறிவிப்பு, 1 எம்பிபிஎஸ்ல ஒண்டுக்கு ரெண்டு மில்லிசெக்கன் என்டு வச்சாலும் ஒரு செக்கன்ல மூண்டுல ஒரு பங்கு மட்டுல அதுலயே முடிஞ்சிரிது, ஒராளும் ஒரு வேலையும் தொடங்கல இன்னும். பி, ஜி மெஷினெல்லாம் பாவிக்கிற 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைல ஒண்டோட ஒண்டு முட்டாத சேனல் 1, 6, 11 என்டு மூண்டே மூண்டுதான், அதால ஒதுங்கிப் போறதுக்கும் இடமில்ல. இப்ப வேகத்தையும் கூட்டி நெட்வேர்க் பேரையும் மூண்டாக் குறைச்சிட்டாங்க. அது சரியான கெட்டித்தனமான வேலை, மனசாரச் சொல்றன்.

பலன் கண்ணுக்குத் தெரியுது. லைப்ரரில காலம பதினொரு மணிக்கு முன்னுக்கு 3 எம்பிபிஎஸ் வந்தா பெரிய விசயம், இப்ப அதே மேசைல அதே போன்ல 25, 30 வருது. லெக்சர் நடக்கக்குள்ளயே ஸ்லைட்ஸ இறக்கிரலாம். ஒன்லைன் குவிஸ் ஒண்டு வச்சாங்க, ஒருத்தருக்கும் இடையில அறுந்து போகல, முன்னுக்கு என்டா பாதிப் பேர் அழுதிரிப்பாங்க. இதுக்காக ஒரு கேபிள் புதுசா இழுக்கல என்டதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஆனா இழந்ததும் இரிக்கு. குறைஞ்ச வேகத்துல அனுப்பினா தூரத்துக்குக் கேக்கும், வேகத்தக் கூட்டினா கேக்கிற தூரம் குறையும், இது இயற்கை. கென்டீனுக்குப் பின்னால வேப்பமரத்தடி வாங்குல இரிந்து படிக்கிற கூட்டம் ஒண்டு இரிந்த, அவங்களுக்கு இப்ப வைஃபை இல்ல. ஹொஸ்டல்ல கடைசி ரூமுக்கும் இல்ல. டிபார்ட்மென்ட் பிரிண்டர் பி மட்டும் தெரிஞ்ச பழசு, ரிப்போட் குடுக்கிற கிழமையாப் பாத்து செத்திட்டு, டெக்னிக்கல் ஒஃபிசர் சேர் ரெண்டு நாளா அதக் கழட்டிப் பூட்டி டோனரையும் மாத்திப் பாத்தவர், பாவம். மறுகா லேன் கேபிள் ஒண்டு இழுத்ததோட சரியாப் போச்சு.

என்ட மனச சரியாக் கஷ்டப்படுத்தின விசயம் ஜூனியர் பெச் தங்கச்சி ஒராளுக்கு நடந்தது. அவட மாமா குடுத்த பழைய லெப்டொப், வைஃபை கார்ட் ஜி கார்ட்தான், ஆனா கார்ட ஓட வைக்கிற டிரைவர் சொஃப்ட்வெயர் அந்தக் காலத்து டிரைவர், டபிள்யூபிஏ2 என்ட புதுப் பூட்டு முறை தெரியாது, டிகேஐபில மட்டும் ஓடிக்கிட்டு இரிந்த. ஒரு காலம திடீரென்டு கனெக்ட் ஆகல. அவ லெப்டொப் பழுதாப் போச்சி என்டு நினைச்சி கடை ஒண்டுக்குக் கொண்டு போயிரிக்கா, அங்க என்ன ஏது என்டு பாக்காம ஃபோர்மெட் அடிச்சிக் குடுத்திட்டாங்க, காசும் வாங்கிட்டாங்க. அசைன்மென்ட் ஃபைலெல்லாம் போச்சு. கொண்டு வந்து போட்டா அப்பவும் கனெக்ட் ஆகல. "அண்ணன், என்ட பாஸ்வேர்ட பிளொக் பண்ணிட்டாங்களா?" என்டு கேட்டா. எனக்கு என்ன சொல்ற என்டே தெரியல. அறிவித்தல் போட்டது உண்மைதான், ஸ்டடி லீவ் நேரம், நோட்டீஸ் போட்ல, இங்கிலீஷ்ல ஒரு தாள், அதுவும் டேட்டா ரேட் என்டுதான் எழுதி இரிந்த, உங்கட பழைய லெப்டொப் வேலை செய்யாம விடலாம் என்டு ஒரு வரி இல்ல. அந்த ஒரு வரி தமிழ்ல பெச் வட்ஸ்அப் குரூப்ல போட்டிரிந்தா அந்தப் புள்ளட காசும் ஃபைலும் தப்பி இரிக்கும்.

மறுகா டவுன்ல திருமலை வீதிப் பக்கம் போய் யூஎஸ்பி வைஃபை டொங்கிள் பாத்தம். அவட லெப்டொப்ல பழைய வின்டோஸ், அதால அதுக்கு டிரைவர் உள்ள 802.11என் டொங்கிளாக் கேட்டு வாங்கினம். மற்ற அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸ் அதுல இல்ல, தேவையும் இல்ல, என் மெஷினுக்கு இந்த 12 எம்பிபிஎஸ் எல்லையெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல. டிரைவர் சிடில வந்த, லெப்டொப்ல சிடி டிரைவ் வேலை செய்யல, என்ட லெப்டொப்ல இறக்கி பென் டிரைவால ஏத்தினம். வாங்கப் போறாக்கள் டிரைவர முதலே இறக்கி வச்சிட்டுப் பூட்டுங்க, இல்லாட்டி இன்டர்நெட் வேணும் என்டு வாங்கின சாமான ஓட வைக்கவே இன்டர்நெட் தேவைப்படும்.

உங்கட மெஷின் என்ன வகை என்டு பாக்கிறது லேசு. வின்டோஸ்ல கொமாண்ட் புரொம்ப்ட்டத் திறந்து நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டிரைவர்ஸ் என்டு இங்கிலீஷ்ல அடிங்க, ரேடியோ டைப்ஸ் என்ட வரில ஜி, என், ஏசி, ஏஎக்ஸ் இதுல ஏதாவது ஒண்டு இரிந்தா வேகத்துல பயமில்ல. பி மட்டும் இரிந்தா டொங்கிள் வாங்கத்தான் வேணும். அதுக்குக் கீழ பூட்டு முறைகள் வரும், டபிள்யூபிஏ2, அதோட வாற சிசிஎம்பி என்ட பூட்டு இரிக்கா என்டும் பாருங்க, அந்தத் தங்கச்சிட லெப்டொப் விழுந்தது அவடத்ததான். பி வந்தது 1999ல, ஜி 2003ல, என் 2009ல. எங்கட பெச்சில கன பேர விட பிக்கு வயசு கூட, அத இன்னும் சுமக்கச் சொல்லிக் கேக்க எனக்கு மனமில்ல. டிகேஐபி ஓட்டையான பூட்டு, பாதுகாப்புக்காகவும் அது போகத்தான் வேணும்.

ஐடி ஆக்கள நான் சும்மா குறை சொல்லல. ஃபைனல் இயர் குரூப் ஒண்டு வாவித் தண்ணி மட்டம் அளக்கிற சென்சர் செய்றாங்க, ஈஎஸ்பி8266 சிப், அதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், யூசர்நேம் கேக்கிற நெட்வேர்க்ல ஏத்துறதும் சரியான கரைச்சல். போய்க் கேட்டவுடன முகம் சுளிக்காம இப்பிடியான சாமானுகளுக்கென்டு தனி நெட்வேர்க் பேர் ஒண்டு போட்டுக் குடுத்திட்டாங்க, வேற ஒரு இடத்துக்கும் போகாது, சேர்வருக்கு மட்டும் போகும். கேட்டவங்களுக்குச் செஞ்சு குடுக்கிறாங்க, கேக்கத் தெரியாத ஆக்களுக்குத்தான் ஒண்டும் கிடைக்கல. எந்த மெஷின் பில கனெக்ட் ஆகுது, எது டிகேஐபில வருது என்டு எக்செஸ் பொயின்ட் எல்லாத்தையும் நடத்துற அவங்கட கொன்ட்ரோலர் லிஸ்ட்டாவே காட்டும். ஒரு மாசம் அதப் பாத்தா எத்தினை பேர் என்டு தெரிஞ்சிரும், எங்கட இடத்துல பத்துப் பதினஞ்சு பேருக்கு மேல வராது, அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டு "புள்ள, அடுத்த மாசத்துல இரிந்து இது ஓடாது, இன்ன டொங்கிள் வாங்கு" என்டு சொல்ல ஒரு பின்னேரம் காணும். லைப்ரரி கவுன்டர்ல நாலு டொங்கிள் வச்சி ஐடி கார்ட வாங்கிட்டு இரவல் குடுத்தா இன்னும் நல்லம். வேற இடங்கள்ல இத செய்யப் போறாக்கள் தயவு செஞ்சி லீவுல ஒரு கட்டடம் ஒரு கட்டடமா மாத்துங்க, எக்ஸாம் கிழமைல கை வைக்காதீங்க.

ஒண்டரை புள்ளி குறைச்சதுல ஒண்டு அந்தத் தங்கச்சிக்காக, அரை வேப்பமரத்தடிக்காக. அவடத்த ஒரு எக்செஸ் பொயின்ட் பூட்டச் சொல்லி பெச் ரெப் கடிதம் குடுத்திரிக்கார், நாப்பத்திரெண்டு பேர் கையெழுத்து வச்சிரிக்கம். பூட்டினா வந்து அந்த அரைய திருப்பிப் போடுறன்.