உடம்பு சொன்ன நேரத்துக்கு வேலை: பதினான்கு மாத அனுபவம்

போன வாரம் ராத்திரி இரண்டரை மணிக்கு நண்பனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நூல் மில்லில் சூப்பர்வைசர், அந்த வாரம் அவனுக்கு முழு நைட். “மாப்ள, உடம்பு சொல்றபடி வேலை பாக்கறேன்னு ஒரு நோட்டுப் போட்டு எழுதிட்டு இருந்தியே, அது இன்னும் ஓடுதா? நல்லா இருந்தா எனக்கும் சொல்லு, கண்ணு சொக்குது.” காலையில் கேட்டதும் ஒரே வரியில் பதில் போட்டேன்: “ஓடுது, ஆனா நீ வாங்காத.” இப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் தப்பு என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

முறை தெரிந்ததுதான். மணிக்கு ஒரு தடவை தெம்புக்கு ஐந்துக்கு மதிப்பெண் போடுவது; நாக்கு என்ன கேட்டது என்று பக்கத்தில் குறிப்பது; மூன்று வாரம் கழித்து மேடு எங்கே பள்ளம் எங்கே என்று பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்வது. நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தே சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20-ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு, இரண்டையும் ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்வதுதான் என் மாதம். முன்பெல்லாம் காலையில் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட்ட பிறகு பேங்க் ரீகன்சிலியேஷனில், அதாவது பேங்க் வரவு செலவைக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும் வேலையில், உட்காருவேன். நோட்டு காட்டியது நேர் எதிர். ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை நான்கும் ஐந்துமாக இருக்கிறது. இரண்டு முதல் மூன்றரை வரை ஒன்றுக்கு மேல் ஏறவே இல்லை. மாற்றி வைத்தேன். 10-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் நள்ளிரவு வரை விழித்திருந்த வழக்கம் இரண்டே மாதத்தில் நின்றது. இதை மறைக்க முடியாது, முறை வேலை செய்கிறது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் மதியத் தூக்கம். சோறு தின்றால் தூக்கம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் சோதித்துப் பார்க்க மதியச் சாப்பாட்டை விட்டேன். இரண்டு மணிக்கு அதே சொக்கல், கூடவே பசிக் கோபமும். பிறகுதான் தெரிந்துகொண்டேன், பிற்பகல் சரிவு உடம்பின் உள்கடிகாரத்திலேயே இருப்பது; வயிறு முட்டச் சோறு போட்டால் ஆழம் கூடும், போடாவிட்டாலும் பள்ளம் பள்ளம்தான். இப்போது ஒன்றே முக்காலுக்கு அரை டம்ளர் காபி குடித்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிடுகிறேன். காபி ரத்தத்தில் ஏறி வேலையைத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் எழும்போதே கண் தெளிந்திருக்கும். அரை மணியைத் தாண்டித் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழுந்த பிறகும் ஒரு மணி நேரம் மந்தமாகக் கிடப்பேன். அம்மாவுக்குத்தான் இது பிடிபட ரொம்ப நாள் ஆனது. முதல் மாதம் தினமும் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்: “ஏங் கண்ணு, மேலுக்கு முடியலையா?”

நாக்கு கேட்பதைப் பற்றி எழுதியதில் ஒரு வேடிக்கை கிடைத்தது. பதினொன்று பத்து, பதினொன்று இருபதில் முறுக்கு டப்பா ஞாபகம் வந்த நாட்களைப் பார்த்தால், அநேகமாக எல்லா நாளும் நான் சஸ்பென்ஸ் கணக்கைத் திறந்த நாட்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பதினெட்டாயிரம் ரூபாயைத் தேட வேண்டியிருக்கும், உடனே வாய் முறுக்கைக் கேட்கும். அது பசி இல்லை, நாற்காலியை விட்டு ஓடுவதற்கு ஒரு வழி. எழாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தானாக அடங்கிவிடுகிறது. நாலு மணிக்கு வருவது வேறு சாதி, நிஜப் பசி. அதை அடக்கிய நாட்களில் இரவு எட்டு மணிக்குப் பரோட்டாவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே நாலு மணிக்குத் தெருமுனை டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி இரண்டு என்று முறைப்படியே கொடுத்துவிட்டேன். டீயும் அதோடு கடைசி. காபியிலும் டீயிலும் உள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போலப் பிடிக்கும். ஆறு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ போட்டால் பதினொரு மணிக்கும் அதில் பாதி உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இதுவரை படித்தால் விளம்பரம் மாதிரி இருக்கும். எனக்குக் கோபம் வேறு இடத்தில்.

என் நல்ல நேரம் எது என்று தெரியாதவரை எந்த நேரமும் போனால் போகிறது என்று இருந்தேன். தெரிந்த நாள் முதல் ஒன்பதரை மணி என்றால் பூட்டிய பெட்டிக்குக் காவல்காரன் மாதிரி ஆகிவிட்டேன். ஒன்பது ஐம்பதுக்கு வீட்டில் “ஏனுங்க, கேஸ் புக் பண்ணீட்டீங்களா?” என்று கேட்பார். பதில் சொல்லப் பத்து நொடி. ஆனால் என் மேட்டில் மண் விழுந்துவிட்டதே என்ற ஆத்திரத்தில் அடுத்த நாற்பது நிமிடம் பழைய பில்லையே வெறித்துக்கொண்டிருப்பேன். கேஸைவிட அந்த நாற்பது நிமிடம்தான் என் காலையைத் தின்றது. ஒருநாள் கத்திவிட்டேன். பதிலுக்கு வந்தது: “நோட்டு வாங்கறதுக்கு முன்னாடி நீங்க மனுசனாத்தானுங்க இருந்தீங்க.” மறுக்க ஒன்றுமில்லை.

மறுபக்கம் இன்னும் மோசம். மூன்று மணிக்கு வாடிக்கையாளர் போன் செய்து ஒரு சின்னச் சந்தேகம் கேட்டால், “நாளைக்குக் காலையில பாத்துச் சொல்றேனுங்க” என்று வாய் தானாகச் சொல்கிறது. முன்பு அதே மூன்று மணிக்குக் கொட்டாவி விட்டபடியே பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பெட்ஷீட் வியாபாரி இரண்டு தடவை பொறுத்தார், மூன்றாம் தடவை வேறு ஆளிடம் போய்விட்டார். சோம்பலுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்துவிட்டால் அதை விரட்டுவது கஷ்டம்.

மே மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டு வெயில் நாற்பதைத் தொட்டது. பத்து மணிக்கே மூளை இளகிவிட்டது. என் மேடு காலை ஆறரைக்கு நகர்ந்துவிட்டது என்று நோட்டு தெளிவாகவே சொன்னது. நானோ சுவரில் ஒட்டிய ஜனவரி அட்டவணையைப் பார்த்தபடி இரண்டு வாரம் ஒன்பதரைக்கே ரீகன்சிலியேஷனில் உட்கார்ந்தேன். உடம்பைக் கேட்கிற முறை என்று பேர் வைத்துக்கொண்டு காகிதத்தைக் கேட்டேன்.

இந்த உள்கடிகாரத்தை மாற்ற முடியுமா என்று பார்க்க 1938-இல் நதானியேல் கிளைட்மேன் என்ற தூக்க ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகைக்குள் மாணவர் ஒருவருடன் 32 நாள் தங்கினார். ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞரின் உடம்பு பழகிக்கொண்டது, நாற்பதைத் தாண்டிய கிளைட்மேனின் உடம்பு கடைசிவரை 24 மணியை விடவில்லை. எனக்கு இதில் பொறாமைப்பட வைப்பது ஒன்றுதான்: உள்ளே போன் மணி அடித்திருக்காது.

சரி, நண்பனுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? அவனுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும்: பகல், அரை நைட், முழு நைட். உள்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து மெல்லத்தான் திரும்பும். இராத்திரிக்கு ஓரளவு பழகும்போது அடுத்த வாரம் பகல் ஷிப்ட் வந்து நிற்கும். அவன் மூன்று வாரம் குறித்தால் மூன்று வேறு ஆட்களின் நோட்டு மாதிரி இருக்கும். அவனுக்கு உதவக்கூடியது ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தூக்கம், விடியற்காலை டீயை விடுவது, வெயிலில் வண்டியில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறை ஜன்னலுக்குக் கனத்த துணி. இதற்கெல்லாம் நோட்டு எதற்கு?

மதியத் தூக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பஜ்ஜிக்கு நான்கு. நோட்டுக்கு ஒன்று, அதுவும் முறுக்கு விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக. யாரும் வாங்க வேண்டாம். நான் வாங்கிய முதல் நோட்டு அறுபது ரூபாய். அது போன மாதம் தீர்ந்து, இரண்டாவது வாங்கப் போனால் எழுபது ஆக்கிவிட்டார்கள்.