செம்பூரில் 'லைஃப்டைம் விண்டோஸ்' விற்கிறார்கள், வாங்காதீர்கள்

மும்பையில் அப்பா அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் குடியிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். செம்பூரில் இருக்கும் என் அப்பாவிடம் 'லைஃப்டைம் விண்டோஸ்' என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் கம்ப்யூட்டரை எந்த நிலையில் விட்டுப் போனார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அது 2019-இல் வாங்கிய பிராண்டட் டெஸ்க்டாப். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் 10 ஹோம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். கட்டடத்துத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு நம்பர் கொடுக்க, ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல தமிழ், நல்ல மரியாதை.

"அங்கிள், டென் முடிஞ்சு போச்சு. இனிமே பேங்க் சைட்டே ஓப்பன் ஆகாது. உங்க மதர்போர்டுல டிபிஎம் சிப் இல்ல, அதனால லெவன் ஏறாது. புதுசு வாங்கினா நாப்பதாயிரம் ஆகும். நான் பைபாஸ் பண்ணி லெவன் ப்ரோ போட்டுத் தரேன், லைஃப்டைம் லைசென்ஸ்."

பேங்க் சைட் திறக்காது என்பது பொய். ஆதரவு நின்றாலும் விண்டோஸ் 10 ஓடும். பாதுகாப்பு அப்டேட் வராது, அதுதான் ஆபத்து. அந்த அப்டேட்டையும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய விட்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். டிபிஎம் என்பது ஒரு பாதுகாப்பு சிப். அது இல்லை என்பதும் பொய். நான் பார்த்தபோது 2.0 என்று தெளிவாகக் காட்டியது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நடக்கும் ஒரு பாதுகாப்புச் சோதனை), இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. அப்பாவின் பெட்டியில் எல்லாமே இருந்தது. அப்டேட் பக்கத்திலிருந்தே காசில்லாமல் 11-க்கு மாறியிருக்கலாம்.

இப்போது அந்த லைசென்ஸ் விஷயம். போன முறை வீட்டுக்குப் போனபோது செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பார்த்தேன். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியுள்ளது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அப்பா ரிட்டயர் ஆனவர். வீட்டில் ஏது நிறுவனம்? இது கேஎம்எஸ் என்கிற முறை. குறைந்தது 25 கம்ப்யூட்டர் உள்ள அலுவலகங்கள் தங்கள் சர்வர் ஒன்றை வைத்துச் செய்துகொள்வது. ஒரு முறை செய்தால் 180 நாள்தான் செல்லும், அதற்குள் சர்வரை மறுபடி தொடர்புகொள்ள வேண்டும். அந்த சர்வர் மாதிரி நடிக்கும் ஒரு திருட்டு புரோகிராமை உள்ளே வைத்துவிட்டு, அதற்கு லைஃப்டைம் என்று பெயர் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை வேறு. அந்தத் திருட்டு புரோகிராமை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் பிடித்துவிடும் என்பதற்காக, டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் மொத்தத்தையும் சேர்த்திருந்தான். சி டிரைவில் எந்த வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் டிஃபென்டர் திரும்பிப் பார்க்காது. கூடவே, 'சர்வீஸுக்கு வசதி' என்று சொல்லி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு மென்பொருள், நிரந்தர பாஸ்வேர்டோடு. அப்பா பென்ஷன் கணக்கைப் பார்ப்பது இதே கம்ப்யூட்டரில்தான். கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அத்தனை நாளும் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது.

முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினேன். அந்தக் கம்ப்யூட்டரிலேயே மாற்றுவதில் அர்த்தமில்லை. போட்டோக்களை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை என் லேப்டாப்பில் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, பழைய பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். கீ கேட்கவே இல்லை. ஹோம் தானாக வந்தது, நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. ஏனென்றால் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே பெரிய கம்பெனிகள் கீயை மதர்போர்டிலேயே எழுதித்தான் அனுப்புகின்றன. அப்பாவிடம் ஏற்கெனவே இருந்த லைசென்ஸை ஓரம் தள்ளிவிட்டு, திருட்டு ப்ரோவை 4,500-க்கு விற்றிருக்கிறான்.

பில் தரவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் 'சாஃப்ட்வேர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அவனை அனுப்பிய கடைக்காரரைக் கேட்டால், "எல்லாரும் இதான் போடுறாங்க, ஒரிஜினல்னா பதினஞ்சாயிரம் ஆகும்" என்கிறார். யுபிஐ ரசீது கையில் இருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வரவில்லை. உங்கள் கணக்கில் பணமே போயிருந்தால் 1915 வேண்டாம், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் பெட்டி உண்மையிலேயே பழசு, நான்காம் ஐந்தாம் தலைமுறை என்றால் பைபாஸ் செய்து, அதாவது விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தாண்டி, 11 போடச் சம்மதிக்காதீர்கள். வீட்டில் டேலி என்கிற கணக்கு மென்பொருள் மாதிரி விண்டோஸிலேயே ஓடவேண்டியது எதுவும் இல்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது, தமிழ்99 தட்டச்சும் வேலை செய்யும். அம்மாவின் பழைய லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது.

செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த 'நிறுவனம்' வரி தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சரிசெய்து தருகிறேன், பணம் வேண்டாம். ஒரு காலி பென்டிரைவும், போட்டோக்களை எடுத்துவைக்க ஒரு ஹார்ட் டிஸ்கும் தயாராக வைத்திருங்கள்.