உப்புக் காற்றில் பழைய சொகுசு கார்: கேம்ரியா, சி-கிளாஸா, 320டியா, ஏ4-ஆ?

ராமநாதபுரத்தில் செகண்ட் ஹேண்ட் சொகுசு கார் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "எது கம்மியாக் கெடும்?" என்று. கேள்வி சரிதான், ஆனால் இந்தக் கரைக்கு அது பத்தாது. ஜெர்மன் வண்டியின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கத் தெரிந்த பட்டறைக்கு மதுரைதான் போக வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 115 கி.மீ., ராமேஸ்வரத்திலிருந்து 170 கி.மீ. அதனால் இங்கே கேட்க வேண்டியது இன்னொன்று: இந்த வண்டி சொல்லிவிட்டுக் கெடுமா, சொல்லாமல் கெடுமா? சொல்லிவிட்டுக் கெடுகிற வண்டியை மெதுவாக ஓட்டி மதுரை சேர்த்துவிடலாம். சொல்லாமல் கெடுகிறது பாம்பன் பாலத்து நடுவில் நின்றால், தூக்கு வண்டிக்குக் கொடுக்கிற காசிலேயே ஒரு சர்வீஸ் முடிந்துவிடும்.

இந்த அளவுகோலில் சந்தையில் அதிகம் வரும் நான்கைப் பார்ப்போம்: டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், மெர்சிடீஸ் சி-கிளாஸ், பிஎம்டபிள்யூ 320டி, ஆடி ஏ4.

ஆடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2016-க்கு முந்தைய ஏ4 டீசலில் பெரும்பாலும் மல்டிட்ரானிக் எனும் சங்கிலி வகை சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்) கியர்பாக்ஸ். அதன் கண்ட்ரோல் யூனிட் கியர்பாக்ஸுக்குள்ளேயே சூடான எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் அது போனால் மீட்டரில் கியர் எழுத்துகள் மினுக்கும், சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி உதறும். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய பில் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அதே காலத்து 1.8 பெட்ரோலில் பிஸ்டன் ரிங் வழியே ஆயில் குடிக்கும் வியாதி. 2016-க்குப் பின் வந்த 1.4 பெட்ரோல் எவ்வளவோ மேல். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் எண்ணெயில் நனைந்து ஓடுகிற வகை. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டில் கூலன்ட் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ4 தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் இதை எடுக்கலாம்.

320டி விஷயம் நீளம். 2012 முதல் 2015 வரை இங்கே விற்ற எஃப்30 தலைமுறை வண்டிகளில் என்47 இன்ஜின். பிஸ்டனும் வால்வும் முட்டாமல் ஒத்து ஓட வைக்கும் டைமிங் செயின் இதில் வழக்கம்போல் முன்பக்கம் இல்லை. பின்னால், ஃப்ளைவீல் பக்கம் இருக்கிறது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் டேஷ்போர்டு பக்கத்திலிருந்து ஒரு உரசல் சத்தம் வரும். டீசல் சத்தத்தோடு கலந்துவிடுவதால் பலருக்குக் கேட்பதில்லை. செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், இன்ஜின் போச்சு. செயினை மாற்றவே கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். கூலிதான் பெரிய செலவு. புரோக்கர் "வண்டியைச் சூடு பண்ணி வைச்சிருக்கேன்" என்றால், மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்து, ஆறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

2016-இல் வந்த பி47 இன்ஜினிலும் செயின் பின்னால்தான், ஆனால் புகார் வெகு குறைவு. இதில் கவனிக்க வேண்டியது, இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர். உள்ளே கசிந்து கரியோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் என்று 2018-இல் பல நாடுகளில் திரும்ப அழைத்தார்கள். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் கூலன்ட் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிடலாம். இசட்எஃப் கம்பெனியின் எட்டு கியர் பெட்டி மூன்று ஜெர்மன் வண்டிகளில் மிகத் திடமானது. "ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். அதைச் செய்த கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டியது, தட்டையே மாற்ற வேண்டும்.

கடற்கரைக்கு 320டியின் உண்மையான பலவீனம் பேட்டரி. அது டிக்கியில், வலது ஓரப் பள்ளத்தில் இருக்கிறது. டிக்கி ரப்பர் ஓய்ந்து ஈரம் இறங்கினால் டெர்மினலும் எர்த் கேபிளும் பச்சை பூக்கும். பிறகு சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். ஊர்க் கடையில் பேட்டரி மாற்றினாலும் புதியது என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குப் போட்ட கணக்கிலேயே சார்ஜ் ஏற்றி, புதியதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சி-கிளாஸில் 2014 வரையிலான டபிள்யூ204 தலைமுறையை இந்தக் கரையில் வாங்கவே கூடாது என்பது எங்கள் கட்சி. காரணம் இரண்டு. ஒன்று, ஸ்டீயரிங் லாக் மோட்டார். அது ஓய்ந்த அன்று சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கும் எரியாது. சொல்லாமல் கெடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு, பின் அச்சைத் தாங்கும் சப்ஃபிரேம். பனிக்கு ரோட்டில் உப்புத் தூவும் நாடுகளில் இது உள்ளிருந்து துருப்பிடிப்பதாகப் புகார் எழுந்த மாடல். அங்கே உப்பைத் தூவுகிறார்கள், இங்கே கச்சான் எனும் தென்மேற்குக் காற்றே கொண்டுவந்து கொட்டுகிறது.

அடுத்து வந்த டபிள்யூ205 வேறு ரகம். 2018 கடைசியில் வந்த புதுப்பிப்பில் சி220டி-க்கு ஓஎம்654 இன்ஜினும் ஒன்பது கியரும். இதற்கு முந்தைய ஏழு கியர் பெட்டியில் கண்டக்டர் பிளேட் எனும் சென்சார் தட்டு பழுதாகி, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்வது உண்டு. அந்த நிலையிலும் ஊர்ந்து வரும், ஆகவே சொல்லிவிட்டுக் கெடும் கணக்கில் சேர்க்கலாம். பேட்டரி பானட்டுக்குள், எட்டுகிற இடத்தில். சொகுசு மட்டும்தான் நோக்கம் என்றால் நால்வரில் இதற்கே முதலிடம். ஆனால் பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசலின் புகை வடிகட்டிக்கு வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய் வருபவருக்குக் கவலையில்லை. கீழக்கரைத் தெருவுக்குள் பள்ளிக்கூடமும் கடையுமாகச் சுற்றுபவருக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும்.

கேம்ரி ஹைபிரிடுக்கு அந்தஸ்து கொஞ்சம் கம்மி என்பார்கள். இருக்கட்டும். இதில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் பெல்ட் கிடையாது, டர்போ கிடையாது. கியர்பாக்ஸ் என்பது இரண்டு மோட்டாரும் கோள்பல் சக்கரங்களும்தான். கெடுவதற்கு உறுப்பு குறைவு. எல்லோரும் பயப்படும் பெரிய பேட்டரி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 245 வோல்ட். 2013 மாடலில் பின் சீட்டுக்குப் பின்னால், 2019 மாடலில் சீட்டுக்கு அடியில். அதைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்துதான் போகிறது. ஆகவே மணலோடு ஏறி உட்காரும் குடும்ப வண்டியில் சீட்டோரத்து ஜல்லடையும் ஃபேனும் அடைத்துக்கொள்ளும், பேட்டரி சூடாகும். ஜல்லடையைக் கழற்றித் தூசு தட்ட பத்து நிமிடம். உப்பு ஈரம் புகுந்த வண்டியில் பேட்டரி துண்டுகளை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பிடிக்கும். அதைச் சுத்தம் செய்வது பயிற்சி பெற்றவர் வேலை, வீட்டில் கை வைக்கக் கூடாது.

வாங்கும் முன் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி போட்டு, ஓட்டத்தில் பிளாக் (பேட்டரித் துண்டுகளின் தொகுப்பு) வாரியாக வோல்டேஜ் பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஏறி இறங்கினால் நல்லது. ஒரே ஒரு பிளாக் எப்போதும் தாழ்ந்து நின்றால் விலையைக் குறைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். 2013 மாடலில் இன்னொரு சோதனை: பிரேக்கைத் தொடாமல் நிறுத்தி வைத்துக் காது கொடுங்கள். பிரேக் பம்ப் சில நொடிக்கொருமுறை உறுமினால் உள்கசிவு. அந்த யூனிட் விலையும் பெரிய அதிர்ச்சி. பேட்டரிக்கு டொயோட்டா 2021-இல் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் அறிவித்தது. பார்க்கும் வண்டிக்கு அது பொருந்துமா என்று சேசிஸ் நம்பரோடு கேளுங்கள்.

ஆக எங்கள் வரிசை: 2019-க்குப் பிந்தைய கேம்ரி, பிறகு டபிள்யூ205 சி220டி, பிறகு பி47 போட்ட 320டி, கடைசியில் 1.4 ஏ4. சபுராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் வீட்டு வண்டி என்றால் வரிசை மாறும். ஆறு மாதம் மூடி வைத்தால் ஹைபிரிட் பேட்டரி தானாக இறங்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் ஈரம் இழுக்கும். அப்படி நிற்கும் வண்டிக்கு டீசல் 320டி பொருத்தம், டெர்மினலைக் கழற்றி வைத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தால். உப்பு ஈரத்தில் ஹேண்ட்பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

எந்த வண்டியானாலும் லிஃப்ட்டில் ஏற்றாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏசி கண்டென்சர் இதழ்களை விரலால் தடவினால் வெள்ளை மாவாக உதிர்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரிகிறதா? 2015, 2023 டிசம்பர்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாகவும் இருக்கலாம். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டிக்குத் துரு குறைவு, உண்மை, ஆனால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு மூன்றையும் கணக்குப் போட்டபின் விலை பேசுங்கள்.

வாங்கியபின் அடிப்பாகத்தை மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், காவிரித் தண்ணீர் லாரியில் வந்தாலும் சரி. இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகத்தான் முடியும். ரேடியேட்டரில் அதை ஊற்றவே கூடாது.